குளிர்காலத்தில் பூங்கா வானொலியை மூட்டை கட்டி வைக்க வேண்டுமா?

டெட்ராய்ட் புறநகரில் வசிக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. கடந்த ஏப்ரலில் அமெச்சூர் வானொலியின் ஜெனரல் உரிமம் (மூன்று படிகளில் நடுப்படி) பெற்று, 10 வாட் நிலையம் ஒன்றையும் 20 மீட்டர் நீளமுள்ள எண்ட்-ஃபெட் (ஒரு முனையில் மட்டும் கேபிள் இணையும்) கம்பி ஆன்டெனாவையும் வாங்கி, கோடை முழுவதும் அலுவலகம் முடிந்ததும் ஐலண்ட் லேக் பூங்காவுக்குச் சென்று 40 மீட்டர் பேண்டில் (அலைநீளம் சுமார் 40 மீட்டராக இருக்கும், 7 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில்) பேசி வந்திருக்கிறார். ஒவ்வொரு மாலையும் இருபது தொடர்புகளாவது எளிதாகக் கிடைத்தன. நவம்பரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிய மறுநாள், அதே பூங்காவில், அதே மேசையில், அதே ஆறு மணிக்கு உட்கார்ந்திருக்கிறார். விரல் விறைக்க ஒன்றரை மணி நேரம் அழைத்தும் 11 தொடர்புகள்தான் கிடைத்தன. அவற்றைப் பதிவேற்றிய பிறகும் ஆக்டிவேஷன், அதாவது பூங்காவிலிருந்து பேசியதற்கான அங்கீகாரம், கணக்கில் ஏறவில்லை. ஆன்டெனாவை மாற்றுவதா, 100 வாட் நிலையம் வாங்குவதா, அல்லது ஏப்ரல் வரை எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துவிடுவதா என்று கேட்கிறார்.

மூன்றும் தேவையில்லை என்பதே என் பதில். அவருடைய கருவியில் குறை எதுவும் இல்லை. கோடையில் அமைந்த நேரத்தையும் பேண்டையும் நவம்பருக்கும் அப்படியே கொண்டுவந்ததுதான் தவறு. அந்தத் தவறைப் பூங்காவிலிருந்து பேசும் நாங்கள் எல்லோரும் முதல் ஆண்டில் செய்திருக்கிறோம்.

இத்துறைக்குப் புதியவர்களுக்காகச் சிறு முன்னுரை. அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவை 1916இல் தொடங்கப்பட்டதன் நூற்றாண்டை ஒட்டி, அந்நாட்டு அமெச்சூர் வானொலிச் சங்கமான ஏ.ஆர்.ஆர்.எல். 2016 முழுவதும் பூங்காக்களிலிருந்து ஒலிபரப்பும் நிகழ்ச்சி ஒன்றை நடத்தியது. ஆண்டு முடிந்த பிறகும் ஆர்வம் அடங்காததால், தன்னார்வலர்கள் அதே எண்ணத்தைத் தொடர்ந்து எடுத்துச் சென்றதே இன்று ‘பார்க்ஸ் ஆன் தி ஏர்’ என்றும், சுருக்கமாகப் ‘போட்டா’ என்றும் வழங்கும் திட்டம். பூங்கா எல்லைக்குள் தம் நிலையத்தை முழுவதுமாக அமைத்துக்கொண்டு அழைப்பவர் ஆக்டிவேட்டர். வீட்டிலிருந்தோ வேறிடத்திலிருந்தோ அவரைத் தேடிப் பிடிப்பவர் ஹண்டர். ஒரு யுடிசி (உலகப் பொது நேர) நாளுக்குள் குறைந்தது 10 தொடர்புகள் இருந்தால்தான் அது ஆக்டிவேஷனாகக் கொள்ளப்படும். (விசாவில் இருப்பவர்கள் உரிமம் பெறலாமா என்று பலர் தயங்குகிறார்கள். பெறலாம், வெளிநாட்டு அரசின் பிரதிநிதியாக இல்லாத எவரும் அமெரிக்காவில் தேர்வு எழுதி உரிமம் பெறத் தடையில்லை.)

இந்த ‘யுடிசி நாள்’ என்பதில்தான் கேள்வி கேட்டவரின் பாதிச் சிக்கல் இருக்கிறது. மிச்சிகனில் கோடைக்கால நேரத்தின்போது யுடிசி நாள் இரவு எட்டு மணிக்கு மாறுகிறது. நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரம் பின்னுக்குப் போனதும் அதே மாற்றம் ஏழு மணிக்கே நிகழ்கிறது. ஜூலையில் ஆறு மணிக்குத் தொடங்கியவருக்கு இரண்டு மணி நேரம் இருந்தது; நவம்பரில் ஒரு மணி நேரம்தான். அவர் அனுப்பிய லாகை, அதாவது தொடர்புப் பதிவேட்டை, பார்த்தால் ஏழு மணிக்கு முன் 7 தொடர்புகளும், ஏழுக்குப் பின் 4 தொடர்புகளும் இருக்கின்றன. மனிதருக்கு அது ஒரே மாலை. கணக்கு வைக்கும் கணினிக்கு இரண்டு வெவ்வேறு நாட்கள், இரண்டிலும் பத்து நிறையவில்லை. இதே எல்லையைச் சாதகமாகவும் பயன்படுத்தலாம்: ஆறு மணிக்கு முன்பே தொடங்கி ஏழுக்குள் பத்து முடித்துவிட்டு, ஏழுக்கு மேல் இன்னொரு பத்து எடுத்தால், ஒரே பயணத்தில் இரண்டு ஆக்டிவேஷன்கள் கிடைத்துவிடும்.

மீதிப் பாதி வானத்தில் இருக்கிறது. ஜூன் மாதத்தில் டெட்ராய்ட் பகுதியில் சூரியன் மறைய இரவு ஒன்பதைத் தாண்டிவிடுகிறது. அதாவது மாலை ஆறு மணி என்பது வானொலி அலைகளைப் பொறுத்தவரை நல்ல பகல். நவம்பர் முதல் வாரத்தில் ஐந்தேகாலை ஒட்டியே சூரியன் மறைந்துவிடுவதால், ஆறு மணிக்கு முழு இருட்டு. கடிகாரம் காட்டும் ஆறு ஒன்றுதான். அலைகளைத் திருப்பி அனுப்பும் மேல் வளிமண்டலப் பகுதியான அயனி மண்டலம் காண்பது இரண்டு வேறு பொழுதுகள்.

பகலில் சூரியனின் புற ஊதாக் கதிர்கள் அந்த மண்டலத்தின் மேலே உள்ள எஃப்2 அடுக்கில் எலக்ட்ரான்களைப் பெருக்கி வைத்திருக்கும்வரை, 7 மெகாஹெர்ட்ஸ் அலை செங்குத்தாக மேலே போனாலும் வளைந்து கீழே வரும். அதனால் ஒஹையோ, இந்தியானா, ஒன்டாரியோ போன்ற பக்கத்து ஊர்களெல்லாம் 40 மீட்டரில் எளிதாகக் கேட்கும். சூரியன் மறைந்தபின் அந்த அடர்த்தி குறையக் குறைய, செங்குத்தாகப் போகும் அலை அடுக்கைத் துளைத்துக்கொண்டு வெளியேறிவிடுகிறது, சாய்வாகப் போகும் அலை மட்டுமே திரும்புகிறது. நிலையத்தைச் சுற்றிச் சில நூறு கிலோமீட்டர் அகலத்தில் யாருக்கும் கேட்காத ஒரு வளையம் உருவாகிறது. ஹாம்கள் (அமெச்சூர் வானொலியாளர்கள்) இதை ஸ்கிப் என்பார்கள். கோடையில் நம் நண்பரின் லாகை நிரப்பிய ஹண்டர்களில் பெரும்பாலோர் இந்த வளையத்துக்குள் வசிப்பவர்கள். அதே நேரத்தில் அலைகளை உறிஞ்சும், கீழே உள்ள டி அடுக்கு இருட்டியதும் மறைந்துவிடுவதால், ஐரோப்பாவிலிருந்து பெரிய ஆன்டெனாக்களும் அதிக வாட்டும் கொண்ட நிலையங்கள் முழங்கத் தொடங்குகின்றன, 7.2 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் சர்வதேச ஒலிபரப்பு நிலையங்களும் சேர்ந்துகொள்கின்றன. ஜெனரல் உரிமத்தில் குரல்வழிப் பேச 7.175 முதல் 7.3 வரைதான் இடம் என்பதால், 10 வாட் குரல் அந்தச் சந்தைக்கடைக்குள் அகப்பட்டுக்கொள்கிறது.

ஆனால் அதே குளிர்காலத்தின் நண்பகலைப் பாருங்கள். டிசம்பர் நடுவில் டெட்ராய்ட்டின் உச்சிப்பொழுதில் சூரியன் தொடுவானத்திலிருந்து சுமார் 24 பாகை உயரத்தில்தான் நிற்கிறது; ஜூனில் அது 71 பாகை. டி அடுக்கின் உறிஞ்சல் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது, அதோடு குறைந்த அதிர்வெண்ணில்தான் அது மிகுதி. ஆகவே ஜூன் நண்பகலில் மங்கிப்போகும் 40 மீட்டர், டிசம்பர் நண்பகலில் தெளிவாக, இடிமின்னல் இரைச்சலும் இல்லாமல் கேட்கிறது. இன்னொரு வியப்பும் உண்டு: நடு அட்சரேகைகளில் எஃப்2 அடுக்கு, பகல் நேரத்தில், கோடையைவிடக் குளிர்காலத்தில்தான் அடர்த்தியாக இருக்கிறது. சூரியன் தாழ்ந்திருக்கும்போது அடர்த்தி குறைய வேண்டும் என்றே யாரும் நினைப்பார்கள். மேல் வளிமண்டலத்தில் நைட்ரஜன் மூலக்கூறுகளோடு ஒப்பிட ஆக்சிஜன் அணுக்களின் விகிதம் குளிர்காலத்தில் கூடுவதால், எலக்ட்ரான்கள் உருவாவது கூடி, அழிவது குறைகிறது என்பதே இதற்கான விளக்கம். பயன் என்னவென்றால் சனிக்கிழமை காலை பத்து மணி முதல் பிற்பகல் மூன்றரை வரை 20, 17, 15 மீட்டர் பேண்டுகளும், சூரியச் செயல்பாடு நன்றாக இருக்கும் ஆண்டுகளில் 10 மீட்டரும் திறந்திருக்கும். சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் சூரியச் செயல்பாட்டின் 25ஆம் சுழற்சி 2024இல் உச்சத்தைத் தொட்டுவிட்டதால், இனி ஆண்டுக்கு ஆண்டு 10 மீட்டரை நம்புவது குறையும், 20ம் 40ம் சோறு போடும். நண்பரின் 20 மீட்டர் கம்பி 40, 20, 15, 10 ஆகிய நான்கு பேண்டுகளிலும் ஒத்திசைவது. எனவே புது ஆன்டெனாவுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

குளிர்காலத்தின் உண்மையான தடைகள் வானத்தில் இல்லை, கையிலும் பேட்டரியிலும் தரையிலும் இருக்கின்றன. அதிகம் பேரை ஏமாற்றுவது பேட்டரி. இப்போது எல்லோரும் வைத்திருக்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, உறைநிலைக்குக் கீழும் மின்சாரம் தரும், கொள்ளளவு மட்டும் சற்றுக் குறையும். ஆனால் பூஜ்யம் டிகிரி செல்சியசுக்குக் கீழே அதை சார்ஜ் செய்யக்கூடாது. செய்தால் லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெட்டுவிடும். என் முதல் பேட்டரியை அப்படித்தான் இழந்தேன்: இரவெல்லாம் காரின் பின்பெட்டியில் கிடந்ததை, காலையில் பூங்காவில் சோலார் தகட்டோடு இணைத்து, இலவச மின்சாரம் என்று மகிழ்ந்துகொண்டிருந்தேன். பேட்டரியை வீட்டுக்குள் வைத்து, முழுமையாக சார்ஜ் செய்து, ஜாக்கெட்டின் உள்பையிலோ தெர்மோகோல் பெட்டியிலோ எடுத்துச் செல்வதே போதும். 10 வாட் நிலையம் கேட்கும்போது அரை ஆம்பியரை ஒட்டியும், பேசும்போது இரண்டு மூன்று ஆம்பியரும் இழுப்பதாகக் கொண்டால், இரண்டு மணி நேர ஆக்டிவேஷனுக்கு இரண்டு மூன்று ஆம்பியர்-மணிதான் செலவாகும். 6 ஆம்பியர்-மணி பேட்டரி குளிரில் கொஞ்சம் சுருங்கினாலும் தாங்கும்.

அடுத்தது கேபிள். நிலையத்தையும் ஆன்டெனாவையும் இணைக்கும் கோஆக்ஸ் கேபிள் பிவிசி உறை போட்டதாக இருந்தால் மைனஸ் பத்தில் கம்பியைப் போல விறைத்து, சுருளை விட்டு வர மறுக்கும். இழுத்தால் உறை வெடிக்கும். டெஃப்ளான் வகைப் பொருளால் ஆன ஆர்ஜி-316 மெல்லியதாக, குளிரிலும் வளைந்து கொடுப்பதாக இருக்கும். அதில் இழப்பு அதிகம் என்றாலும் ஏழெட்டு மீட்டர் நீளத்துக்கு அது பொருட்டல்ல. தரை உறைந்துவிட்டால் முளையடிக்க முடியாது என்பதால், கார் சக்கரத்தின் கீழ் அழுத்தி நிற்கும் தட்டில் கண்ணாடியிழைக் கம்பத்தைப் பொருத்துவது எளிய வழி. மரங்கள் இலையுதிர்ந்து நிற்பதால் எறிகயிற்றை வேண்டிய கிளையில் போடுவது கோடையைவிடச் சுலபம். ஆனால் ஈரக் கயிறு கிளையிலேயே உறைந்து ஒட்டிக்கொள்ளும். வெயில் இருக்கும்போதே இறக்கிவிடுங்கள். மரத்தில் எதையும் கட்டக்கூடாது என்னும் பூங்காக்களும் உண்டு, முன்கூட்டியே கேட்டுக்கொள்வது மரியாதை.

உலர்ந்த தூள்பனி காற்றில் பறக்கும்போது ஒரு வேடிக்கை நடக்கும். பனித்துகள்கள் கம்பியில் உரசி மின்னூட்டத்தை ஏற்ற, வானொலியில் மெல்லிய சீற்றம் தொடங்கி, சற்று நேரத்தில் எல்லாக் குரல்களையும் மூடிவிடும். நிலையம் பழுதாகிவிட்டது என்று அஞ்சிப் பலர் கிளம்பிவிடுகிறார்கள். உறையிட்ட கம்பியைப் பயன்படுத்தி, கேபிள் இணையும் ஊட்டு முனையில் தரையோடு ஓர் உயர்மதிப்பு மின்தடையை இணைத்து வைத்தால் பெருமளவு தணியும். தணியவில்லையென்றால் காற்று நிற்கும்வரை காப்பி குடிக்கலாம்.

காருக்குள் உட்கார்ந்து பேசுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நானும் மைனஸ் ஐந்துக்குக் கீழ் அதைத்தான் செய்கிறேன். ஆனால் புகைக்குழாயைப் பனி மூடியிருக்கும்போது எஞ்சினை ஓடவிட்டு உட்காருவதும், மூடிய காரிலோ கூடாரத்திலோ எரிவாயு ஹீட்டர் ஏற்றுவதும் கார்பன் மோனாக்சைடால் உயிரைப் பறிக்கக்கூடியவை. குறிப்பெடுக்கப் பென்சில் வையுங்கள், குளிரில் பேனா எழுதாது. வீடு திரும்பியதும் நிலையத்தைப் பையிலிருந்து உடனே எடுக்காமல், மூடிய பையோடு இரண்டு மணி நேரம் விட்டுவிட்டால், சூடான அறையின் ஈரம் உட்சுற்றில் நீராகப் படிவதைத் தவிர்க்கலாம்.

வசந்தத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: சேறும் உண்ணியும். கருங்கால் உண்ணியின் இளம்பருவம் கசகசா அளவே இருக்கும். வசந்தத்தின் கடைசியிலும் கோடையின் தொடக்கத்திலும் லைம் நோயைப் பரப்புவது பெரும்பாலும் அதுதான். ஆன்டெனாவுக்கு அடியில் பரப்பும் ரேடியல் கம்பிகளைப் புல்லில் மண்டியிட்டு விரிக்கும் நமக்கு அது பிறரைவிட அருகில். கால்சட்டையில் பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லியைத் தெளித்து, சாக்ஸுக்குள் செருகி, வீட்டுக்கு வந்ததும் உடலைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

மார்ச், செப்டம்பர் மாதங்களின் சமஇரவு நாட்களையொட்டி வடக்கு தெற்காகச் செல்லும் தொலைதூரத் தொடர்புகள் சிறக்கும். புவிகாந்தப் புயல்களும் அந்தப் பருவத்தில்தான் கூடுதலாக வரும். இங்கிருந்து ஊருக்குப் பேச முடியுமா என்று தமிழ் ஹாம்கள் தவறாமல் கேட்பதால் ஒரு வார்த்தை: டெட்ராய்ட்டிலிருந்து சென்னைக்கு நேர்வழி ஏறத்தாழ 13,600 கிலோமீட்டர், அது வடக்கே சுமார் 76 பாகை அட்சரேகை வரை ஏறி, துருவ ஒளி மண்டலத்தைக் கடந்து இறங்குகிறது. காந்தப்புலம் சற்றுக் கலங்கினாலும் அந்தப் பாதை மூடிவிடும். அமைதியான நாளில் 20 மீட்டரில் மோர்ஸ் அல்லது எஃப்டி8 என்னும் கணினிவழி முறையில் முயலலாம். 10 வாட் குரலில் நடந்தால் அது அதிர்ஷ்டம்.

கோடையில் எல்லாம் எளிது என்று நண்பர் நினைப்பது, அவர் தொடங்கிய பருவம் அது என்பதால்தான். உண்மையில் கோடை நண்பகலும் 40 மீட்டரும் ஒத்துப்போவதில்லை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் பெய்யும் இடிமழையின் சடசடப்பும் குறைந்த பேண்டுகளில் நிரம்பியிருக்கும். ஆனால் மே முதல் ஆகஸ்ட் வரை ஸ்பொராடிக் ஈ என்னும் அடர்ந்த மேகங்கள், ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில், எதிர்பாராமல் தோன்றி மறைகின்றன. அவை இருக்கும் ஒரு மணி நேரத்தில் 10 மீட்டரிலும் 6 மீட்டரிலும் ஃபுளோரிடாவும் டெக்சஸும் பக்கத்து மேசையில் இருப்பதுபோலக் கேட்கும். தொடக்கநிலையான டெக்னீஷியன் உரிமம் மட்டும் உள்ளவர்களுக்கும் 28.3 முதல் 28.5 மெகாஹெர்ட்ஸ் வரை குரல்வழி அனுமதி உண்டு, அவர்களுக்குக் கோடையே திருவிழா. இடியோசை காதில் விழுந்தால் மட்டும் விவாதமே வேண்டாம். கேபிளைக் கழற்றிவிட்டுக் காருக்குள் செல்லுங்கள், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே திரும்புங்கள். முகாம் வண்டிகளின் சோலார் சார்ஜர்களும் இன்வெர்ட்டர்களும் எழுப்பும் இரைச்சலும் கோடைக்கே உரியது. ஜனவரியில் அதே மேசையில் உட்கார்ந்தால் இரைச்சல் அளவு விழுந்துகிடப்பதைப் பார்த்து வியப்பீர்கள்.

ஏரிக்கரைக்குப் போனால் சிக்னல் கூடும் என்ற நம்பிக்கையையும் இங்கே சற்றுக் கலைக்க வேண்டும். கடலோரத்தில் செங்குத்து ஆன்டெனா அற்புதமாக வேலை செய்வதற்குக் காரணம் உப்புநீர். அதன் கடத்துதிறன் மீட்டருக்குச் சுமார் 5 சீமன்ஸ். மிச்சிகன் ஏரியின் நன்னீருக்கு அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அந்த ஏரிக்கரையிலுள்ள ஸ்லீப்பிங் பேர் மணற்குன்றுகளுக்குச் செல்லுங்கள், காட்சிக்காகவும் மறைப்பில்லாத தொடுவானத்துக்காகவும் செல்லுங்கள், தண்ணீருக்காக வேண்டாம்.

இப்போது நாம் இருக்கும் இலையுதிர் பருவத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு. மிச்சிகனில் துப்பாக்கி மான் வேட்டைக்காலம் நவம்பர் 15 முதல் 30 வரை. ரெக்ரியேஷன் ஏரியா என்று பெயர் கொண்ட பல இடங்களில் வேட்டைக்கு அனுமதி உண்டு, ஐலண்ட் லேக்கும் அந்த வகைதான். அந்த இரண்டு வாரங்களும் பளிச்சிடும் ஆரஞ்சு மேலாடை இல்லாமல் காட்டுப்பாதையில் நடக்காதீர்கள், கார் நிறுத்துமிடத்தை ஒட்டியே அமையுங்கள். மற்றொன்று, இந்த மாதங்களின் வார இறுதிகளில் பெரிய போட்டிகள் நடக்கும்போது 20, 40 மீட்டர்களில் மூச்சுவிட இடமிருக்காது. 30, 17, 12 மீட்டர்களில் போட்டி நடத்துவதில்லை என்பது உலகெங்கும் மதிக்கப்படும் மரபு. 17 மீட்டருக்கென்று ஒரு கம்பித் துண்டு வைத்திருப்பவர் அந்த நாட்களிலும் பத்து எடுத்துவிடுவார். தொலைவில் உள்ள பூங்காவுக்குத் திட்டமிட்டால் அது திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஐல் ராயல் தேசியப் பூங்கா நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை மூடியே இருக்கும்.

100 வாட் நிலையம் வாங்குவது பற்றி: 10 வாட்டிலிருந்து 100 வாட் என்பது 10 டெசிபெல் ஏற்றம், எதிர்முனையில் சிக்னல் வலுவைக் காட்டும் எஸ்-மீட்டரில் இரண்டு புள்ளிகூட ஆகாது. அதற்காகப் பேசும்போது இருபது ஆம்பியரை ஒட்டி இழுக்கும் நிலையத்தையும், அதற்கேற்ற எடையில் பேட்டரியையும் பனியில் சுமக்க வேண்டும். வீட்டிலும் பயன்படும் என்று வாங்கினால் சரி. ஸ்கிப் வளையத்துக்குள் இருப்பவர்களை எட்டுவதற்கென்றால் பயனில்லை, அங்கே அலையே இறங்குவதில்லை.

ஆகவே வரும் சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்குப் போய், 20 மீட்டரில் தொடங்கி, போட்டா தளத்தில் உங்களை ஸ்பாட் செய்துகொண்டு (எந்த அதிர்வெண்ணில் இருக்கிறீர்கள் என்று அறிவித்து), வேகம் குறைந்ததும் 40க்கு மாறி, நான்கரைக்குள் கம்பியை இறக்கிவிடுங்கள். வார நாளில் மாலைதான் முடியுமென்றால் ஏழு மணி கடந்த பிறகு தொடங்குங்கள். 40இல் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள தென் மாநிலங்களை எதிர்பாருங்கள், அண்டை மாநிலங்கள் வேண்டுமென்றால் 80 மீட்டருக்கு நாற்பது மீட்டர் நீளக் கம்பி தேவைப்படும். மாநிலப் பூங்காக்கள் இரவு பத்துக்கு மூடுவதால் நேரம் போதும். அந்த 7ம் 4ம் ஆன லாகைத் தளத்திலிருந்து நீக்க வேண்டாம். உங்களுக்கு ஆக்டிவேஷன் ஆகாவிட்டாலும், உங்களைக் கேட்டுப் பதில் சொன்ன பதினொரு ஹண்டர்களுக்கும் அது கணக்கில் சேர்ந்துவிட்டது.